திருப்பூர் பெட்டி எந்த வாசல் வழியாகப் போகலாம்?

"தூத்துக்குடிங்களா, கொச்சிங்களா?"

பல்லடம் ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் ஏற்றுமதி ஆர்டர் பேசி முடிந்ததும் பார்வர்டர் (கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித் தரும் முகவர்) கேட்கும் முதல் கேள்வி இது. முன்பெல்லாம் லாரி வாடகையைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இப்போது அந்தக் கேள்விக்குள் வேறு பல கேள்விகள் வந்து உட்கார்ந்துகொண்டன. கொழும்பில் சீன நிறுவனம் கட்டிய முனையமும் அதே துறைமுகத்தில் அதானி கட்டிய முனையமும் இருக்கின்றன. செங்கடலில் ஏமன் நாட்டு ஹவுதிகளின் ஏவுகணை, அமெரிக்கத் துறைமுகங்களில் சீனக் கப்பல்களுக்கு விதித்து நிறுத்திவைத்த கட்டணம், கிரேக்கத்தில் சீனா வாங்கிய துறைமுகம் என்று ஒவ்வொன்றும் ஒரு பனியன் பெட்டி போய்ச் சேரும் தேதியைத் தொடுகிறது.

வெளிநாடுகளில் துறைமுகம், சாலை, ரயில் கட்டச் சீனா 2013-இல் அறிவித்த 'ஒரு மண்டலம், ஒரு பாதை' திட்டத்தைப் பற்றி டெல்லியிலும் சென்னையிலும் நிறையப் பேசிவிட்டார்கள். திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் அதை வேறு அளவுகோலால் அளக்க வேண்டும்: பெட்டி எத்தனை கை மாறுகிறது, ஒரு கை மடங்கினால் இன்னொரு கை இருக்கிறதா? அந்த அளவுகோலை வைத்து ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு 40 அடி ஹைகியூப் (உயரம் கூடிய) கன்டெய்னர் பெட்டிக்கான நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தூத்துக்குடி முதல் வழி, கொச்சி எப்போதும் திறந்தே இருக்க வேண்டிய இரண்டாம் வழி, கேரளத்தின் விழிஞ்ஞம் கண் வைத்திருக்க வேண்டிய வழி, மும்பை சில ஆர்டர்களுக்கு மட்டும்.

பெட்டியின் கணக்கு

60×40×40 செ.மீ. அட்டைப்பெட்டி ஒன்றில் 200 கிராம் டிஷர்ட் 40 பீஸ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹைகியூப்பின் உள் கொள்ளளவு 76 கனமீட்டர் என்று எழுதியிருந்தாலும் அட்டைப்பெட்டி அடுக்கும்போது 65 முதல் 68 வரைதான் தேறும். ஆக 700 அட்டைப்பெட்டி, 28,000 பீஸ். பீஸ் 300 ரூபாய் என்றால் சரக்கு மதிப்பு 84 லட்சம். அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை ஆறே கால் டன் சொச்சம். லாரிக்கு இது ஒரு பாரமே இல்லை.

இதே சரக்கு தாமதமாகி விமானத்தில் போனால் கணக்கு வேறு. விமானக் கம்பெனி நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6,000-ஆல் வகுத்து, வரும் கிலோவுக்குக் காசு கேட்கும். 9 கிலோ எடையுள்ள அட்டைப்பெட்டி அங்கே 16 கிலோ. 700 அட்டைப்பெட்டிக்கு 11,200 கிலோ. கிலோவுக்கு 250 ரூபாய் என்று வைத்தாலே 28 லட்சம், அதாவது சரக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. வெளிநாட்டுப் பையர் பாதி ஏற்றுக்கொண்டாலும் அந்த ஆர்டரின் லாபம் அதோடு போயிற்று.

இன்னொரு பக்கம், கப்பல் 14 நாள் சுற்றிப் போவதால் அந்த 84 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஆகும் செலவு சுமார் 29,000 ரூபாய். தாமதம் முன்கூட்டியே தெரிந்தால் ஆயிரங்களில் முடியும், தெரியாமல் வந்தால் லட்சங்களில் போகும். இரண்டு துறைமுகங்களுக்கு இடையே லாரி வாடகையில் மிச்சமாகும் சில ஆயிரத்தை இந்த இரண்டு தொகைகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

தூத்துக்குடி, பிறகு கொழும்பு

திருப்பூரிலிருந்து தாராபுரம், மதுரை வழியாக ஏறக்குறைய 320 கி.மீ. சாயந்தரம் ஸ்டஃபிங் (பெட்டிக்குள் சரக்கு அடுக்குவது) முடித்து சீல் போட்டால் விடிவதற்குள் துறைமுக வாசல். பழகிய கஸ்டம்ஸ் புரோக்கர், பழகிய டிரெய்லர், போன் போட்டால் எடுக்கும் ஆள் என்று எல்லாம் இங்கே இருக்கிறது. திருப்பூருக்கு தூத்துக்குடி பழக்கத்தால் மட்டும் முதல் வழியாகிவிடவில்லை, சேவைகளின் எண்ணிக்கையாலும்தான்.

குறை என்னவென்றால் ஆழம். 2024 செப்டம்பரில் திறந்த புதிய முனையத்திலும் கப்பல் அமிழும் ஆழம் 14 மீட்டர் சொச்சம். இருபதாயிரம் பெட்டி ஏற்றும் தாய்க்கப்பல் அங்கே வராது. அதனால் பெட்டி ஃபீடர் என்ற சிறு கப்பலில் ஏறி ஓர் இரவு ஓடி கொழும்புக்குப் போகிறது. அங்கே இறங்கி, காத்திருந்து, தாய்க்கப்பலில் ஏறுகிறது.

கொழும்பு என்பதை ஒரே துறைமுகமாக நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அங்கே தனித்தனி நிர்வாகத்தில் பல முனையங்கள் இருக்கின்றன. அரசுத் துறைமுக ஆணையம் நடத்தும் ஜய முனையம் ஒன்று. தென் முனையத்தை 2013-இலிருந்து நடத்தும் நிறுவனத்தில் சீனாவின் சைனா மெர்ச்சன்ட்ஸுக்கு 85 சதவீதம், இலங்கைத் துறைமுக ஆணையத்துக்கு 15 சதவீதம். 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய மேற்கு முனையத்தில் அதானி 51, இலங்கை நிறுவனமான ஜான் கீல்ஸ் 34, ஆணையம் 15. கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பான், இலங்கை சேர்ந்து கட்டுவதாக 2019-இல் போட்ட ஒப்பந்தத்தை, தொழிற்சங்க எதிர்ப்பால் 2021 பிப்ரவரியில் கொழும்பு கைவிட்டது. அதற்கு ஈடாக வந்ததுதான் மேற்கு முனையம்.

இந்த அரசியல் உங்கள் பெட்டியைத் தொடும் இடம் எது? ஃபீடர் ஜய முனையத்தில் இறக்கி, தாய்க்கப்பல் தென் முனையத்தில் வந்தால், பெட்டி துறைமுகத்துக்குள்ளேயே டிரெய்லர் ஏறி முனையம் விட்டு முனையம் போக வேண்டும். சாதாரண நாளில் அது சில மணி நேர வேலை. 2024 தொடக்கத்தில் செங்கடல் நெருக்கடியால் கப்பல்கள் கால அட்டவணை தவறி ஒரே சமயத்தில் குவிந்தபோது, முற்றம் நிரம்பி, டிரெய்லர் வரிசையில் நின்று, தாய்க்கப்பல் பெட்டியை விட்டுவிட்டுப் போனது நடந்தது. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழித்து. அதுவும் நிரம்பியிருந்தால் இரண்டு வாரம்.

ஆகவே பார்வர்டரிடம் "கொழும்பு வழியா?" என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. ஃபீடர் எந்த முனையம், தாய்க்கப்பல் எந்த முனையம், கடைசி நான்கு பயணங்களில் பெட்டி கொழும்பில் உண்மையில் எத்தனை நாள் கிடந்தது என்று கேளுங்கள். அட்டவணையில் 4 நாள் என்று போட்டிருப்பார்கள். கடந்த நான்கு தடவை 4, 9, 5, 11 என்றிருந்தால் உங்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது 11.

சீனாவின் கையில் இருப்பதாலேயே தென் முனையத்தைத் தவிர்க்க வேண்டுமா? எங்கள் கருத்து: அன்றாட வேலையில் வேண்டியதில்லை. பெரிய கப்பலை வேகமாகக் காலி செய்வதில் அது தெற்காசியாவில் பெயர் வாங்கிய முனையம். இந்திய சரக்கு இல்லாவிட்டால் கொழும்புக்குப் பிழைப்பு இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆபத்து வேறு வழியில் வரும். 2014-இல் சீன நீர்மூழ்கி அந்த முனையத்தில் வந்து நின்றது. 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற கண்காணிப்புக் கப்பல் இலங்கையின் தென்முனையில் உள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தது. இரண்டு தடவையும் டெல்லி கோபப்பட்டது. பெட்டிகள் வழக்கம்போலப் போயின. ஆனால் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் 'இந்திய சரக்கு ஏன் வெளிநாட்டில் கைமாற வேண்டும்' என்ற குரல் பலத்தது. வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களும் இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே ஏற்றுமதி, இறக்குமதிப் பெட்டிகளை எடுத்துச்செல்லலாம் என்று 2018-இல் வந்த தளர்வும், விழிஞ்ஞத்துக்குக் கொட்டிய பணமும் அந்தத் திசையில் போனவைதான். கொழும்பை ஒரே நாளில் யாரும் மூட மாட்டார்கள். சேவைகள் ஒவ்வொன்றாக இடம் மாறும்போது உங்கள் பழைய வழி மெலிந்துகொண்டே போகலாம்.

அம்பாந்தோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-இல் அந்தத் துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போய் 112 கோடி டாலர் கைமாறியதை 'கடனுக்குப் பதில் துறைமுகத்தைப் பிடுங்கினார்கள்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. வந்த டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. 2022-இல் இலங்கையை முறித்த வெளிக்கடனில் பெரிய பங்கு சர்வதேசப் பத்திரச் சந்தையில் வாங்கியது. இதை ஏன் சொல்கிறோம் என்றால், 'சீனா பிடித்துக்கொண்டது, இனி கொழும்பு அவ்வளவுதான்' என்ற பயத்தில் யாரும் வழியை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நெருக்கடியின்போது பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்றது, துறைமுகம் ஓடியது. டாலர் கொண்டுவரும் இடத்தை எந்த அரசும் கடைசியில்தான் நிறுத்தும்.

தூத்துக்குடியின் சொந்த ஆபத்து வானத்திலிருந்து வருவது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ-க்கு மேல் மழை கொட்டி, சாலையும் ரயிலும் அறுந்தன. பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோகவே முடியாத நாட்கள் அவை.

கொச்சி

வாளையார் தாண்டி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஏறக்குறைய 240 கி.மீ. நொய்யல் கரைக் கொடுமணலின் மணிகள் முசிறிக்குப் போன பாதையும் இதுதான். கொங்கு நாட்டுச் சரக்கு மேற்குக் கடலைப் பார்த்தது இரண்டாயிரம் வருஷப் பழக்கம். நடுவில் குதிரான் மலையேற்றம் லாரிக்காரர்களின் தலைவலியாக இருந்தது. 2021, 2022-இல் இரண்டு சுரங்கங்களும் திறந்தபிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

வல்லார்பாடம் முனையம் 2011-இல், இந்தியாவின் முதல் கைமாற்றுத் துறைமுகமாக (கப்பலுக்குக் கப்பல் பெட்டி மாற்றும் இடமாக), துபாயின் டிபி வேர்ல்டு நிர்வாகத்தில் வந்தது. கொழும்பின் வேலையை இங்கே இழுத்துவிடலாம் என்பது அன்றைய கணக்கு. அது பலிக்கவில்லை. கால்வாயில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். தூர்வாரி தூர்வாரித்தான் 14.5 மீட்டரைக் காப்பாற்ற வேண்டும், அந்தச் செலவு கப்பலின் கட்டணத்தில் ஏறும். ஆனாலும் வளைகுடாவுக்கு இங்கிருந்து சேவை உண்டு. துபாய், சவூதி ஆர்டர் என்றால் தூத்துக்குடியை விடக் கொச்சியே மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். நாமக்கல் முட்டையைக் குளிர்பெட்டியில் வளைகுடாவுக்கு அனுப்புகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டிய வாசல் இது.

ஐரோப்பாவுக்கு வாராந்திரத் தேர்வுகள் குறைவு. ஒரு கப்பல் 'கொச்சியைத் தாண்டிவிடுகிறோம்' என்று சொல்லிவிட்டால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். 2025 மே 25-இல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த 'எம்எஸ்சி எல்சா 3' 640 பெட்டிகளோடு முழுகியது. அதற்கு இரண்டே வாரத்தில் கொழும்பிலிருந்து மும்பைக்குப் போன 'வான் ஹாய் 503' கேரளக் கடலில் தீப்பிடித்தது. துறைமுகம் எதுவானாலும் காப்பீடு இல்லாத பெட்டியைக் கடலில் விடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு பெயர்களும் போதும்.

விழிஞ்ஞம்

காகிதத்தில் எல்லாம் பொருந்தும். இயற்கையிலேயே 18 முதல் 20 மீட்டர் ஆழம், சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து சுமார் 10 கடல் மைல். 2024 டிசம்பரில் வணிக இயக்கம், 2025 மே 2-இல் பிரதமர் அர்ப்பணிப்பு, அடுத்த மாதமே 24,346 பெட்டி கொள்ளும் 'எம்எஸ்சி இரினா' வந்து நின்றது. கொழும்பில் சீன முனையம் செய்யும் வேலையை இந்திய மண்ணில் செய்ய நாடு கட்டியது இதுதான்.

அங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. 2023 அக்டோபரில் அந்தத் துறைமுகத்துக்கு வந்த முதல் கப்பலே 'ஜென் ஹுவா 15' என்ற சீனக் கப்பல். ஏற்றி வந்தது சீனக் கிரேன்கள். கிரேனை இறக்கச் சீன மாலுமிகள் கரையில் கால் வைக்க வேண்டும், அதற்கு அனுமதி இல்லை என்று வேலை நின்றது. பிறகு சிலருக்கு அனுமதி கிடைத்துக் கிரேன் இறங்கியது. உலகத்தின் பெட்டி தூக்கும் கிரேன்களில் பெரும்பங்கும், இரும்புப் பெட்டிகளில் ஏறக்குறைய எல்லாமும் சீனத் தயாரிப்பு. 'சீனாவைத் தொடாத வழி' என்று ஒன்று கிடையாது; திருப்பூரில் நீங்கள் சீல் போடும் பெட்டியின் கதவுப்பட்டயத்தைப் பார்த்தாலே தெரியும்.

திருப்பூர்க்காரருக்கு விழிஞ்ஞத்தில் உள்ள சிக்கல் நிலத்தில்தான். அது கப்பலுக்குக் கப்பல் பெட்டி மாற்றுவதற்கென்றே ஓடத் தொடங்கிய இடம். பாலராமபுரம் வரை திட்டமிட்ட 10.7 கி.மீ. ரயில் பாதை பெரும்பாலும் சுரங்கம். சாலையில் நாகர்கோவில் வழியாகப் போனாலும் கொச்சி வழியாகப் போனாலும் 400 கி.மீ-க்கு மேல். ஆகவே இன்றைக்கு விழிஞ்ஞத்தைப் பயன்படுத்தும் நடைமுறை வழி லாரி அனுப்புவதல்ல. கொச்சியிலோ தூத்துக்குடியிலோ ஏற்றி, கைமாற்றம் விழிஞ்ஞத்தில் நடக்கும் சேவையைக் கேட்பது. அப்படிக் கேட்டால் பெரும்பாலும் எம்எஸ்சி என்ற ஒரே கப்பல் நிறுவனத்தின் கையில் போய் நிற்பீர்கள். ஒரே முனையம், ஒரே கம்பெனி என்றால் கட்டணம் பேச இடமில்லை. சீன முனையத்தைச் சார்ந்திருப்பதற்குப் பதில் ஒரு கப்பல் கம்பெனியைச் சார்ந்திருப்பது என்பதையும் எடைபோட வேண்டும்.

மும்பை

கோவை இருகூர் டெப்போவில் ரயிலேற்றினால் மும்பையின் நவசேவா துறைமுகம். அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நேரடித் தாய்க்கப்பல்கள் உண்டு, கைமாற்றமே இல்லை. விலை ரயில் கட்டணமும் ஒரு வாரம் வரை கூடுதல் நாளும். ரேக் (சரக்கு ரயில்) நிறைய பெட்டி சேராவிட்டால் புறப்படாது. பையர் 'கைமாற்றம் கூடாது' என்று எழுதிக் கேட்டால், அல்லது கொழும்பு அடைத்துக்கொண்டால் மட்டும் இதை எடுக்கலாம்.

துறைமுகத்துக்கு அப்பால்

2023 நவம்பரில் ஹவுதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின் பெரிய நிறுவனங்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. வட ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடுதல். எந்தத் துறைமுகத்தில் ஏற்றினாலும் இது மாறாது. ஆனால் எங்கே இறக்குகிறீர்கள் என்பதில் வித்தியாசம் வரும்.

கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் சீன அரசின் கப்பல் நிறுவனமான காஸ்கோ 2016-இல் 51 சதவீதம் வாங்கி, 2021-இல் 67 ஆக்கியது. சூயஸ் தாண்டியதும் வரும் முதல் பெரிய ஐரோப்பிய வாசல், அங்கிருந்து ரயிலில் மத்திய ஐரோப்பா என்பது திட்டம். ஹங்கேரி, செக் நாட்டுப் பையர்களுக்கு அது வேலை செய்தது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றும்போது பிரேயஸ் முதல் வாசலாக இல்லாமல் மத்தியதரைக் கடலின் உள்ளே தள்ளிய மூலையாகிவிடுகிறது. ரோட்டர்டாம், ஹாம்பர்க்கே நேர். ஹாம்பர்க்கின் டோலெரோர்ட் முனையத்திலும் காஸ்கோவுக்கு 24.99 சதவீதம் உண்டு; ஜெர்மன் அரசு உள்ளுக்குள் சண்டை போட்டு, கால் பங்குக்குக் கீழே நிறுத்தியது. மத்திய ஐரோப்பியப் பையர் 'பிரேயஸில் இறக்கு' என்று பழைய ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், சூயஸ் நிலைமையைப் பார்த்து ஒவ்வொரு சீசனும் திருப்பிப் பேசுங்கள்.

கப்பல் யாருடையது என்பது அமெரிக்கச் சரக்குக்குத்தான் முக்கியம். சீனக் கம்பெனிக் கப்பலுக்கும் சீனாவில் கட்டிய கப்பலுக்கும் அமெரிக்கா 2025 அக்டோபர் 14 முதல் துறைமுகக் கட்டணம் விதித்தது. நவம்பர் 10-இல் ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைத்தது. இந்தியச் சரக்கு மேல் ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவின் 50 சதவீத வரி விழுந்து திருப்பூர் திணறிக்கொண்டிருந்த சமயம் அது. காஸ்கோவும் ஓஓசிஎல்லும் இருக்கும், கப்பல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஓஷன் கூட்டணியில் பதிவு செய்தால், அதே கூட்டணியின் சிஎம்ஏ நிறுவனத்தின் பெயரில் பதிவானாலும் பெட்டி ஏறுவது காஸ்கோ கப்பலாக இருக்கலாம். நீங்களே சரக்குக் கட்டணம் கட்டும் ஆர்டராக இருந்தால், 'அரசு விதிக்கும் புதிய கட்டணம் எதுவும் பின்னால் சேர்க்கக் கூடாது' என்ற வரியை விலைப்புள்ளியிலேயே வாங்கிவிடுங்கள்.

போட்டியாளர் பக்கமும் இதே விளையாட்டு. வங்கதேசச் சரக்கு நம் நிலச் சுங்க நிலையங்கள் வழியாக நம் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் வந்து வெளிநாடு போக 2020-இல் கொடுத்த வசதியை, 2025 ஏப்ரல் 8-இல் டெல்லி திரும்பப் பெற்றது. நமக்கு அதனால் விமான இடம் கொஞ்சம் தளர்ந்தது. அவர்கள் சிட்டகாங்கையும் கொழும்பையும் இன்னும் இறுக்கமாகப் பிடிப்பார்கள். கொழும்பில் நம் பெட்டிக்கு முன்னால் நிற்கும் பெட்டி அவர்களுடையதாக இருக்கலாம்.

கோவைப் பம்பு, மோட்டார்க்காரர்களுக்கு இந்த விஷயம் கப்பலில் தொடங்குவதில்லை, கடனில் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவில் சீன எக்ஸிம் வங்கியின் சலுகைக் கடனில் நடக்கும் குடிநீர், பாசனத் திட்டங்களில் பாதிக்குக் குறையாத கொள்முதல் சீனாவிலிருந்தே இருக்க வேண்டும். அந்த டெண்டரில் விலை குறைத்துப் பிரயோஜனம் இல்லை, கதவே வேறு. இந்திய அரசின் கடன் வசதியில் நடக்கும் திட்டங்களில் 75 சதவீதம் இந்தியப் பொருளும் சேவையும் என்பது பொது விதி. டெண்டர் அறிவிப்பில் பம்பின் குதிரைத்திறனைப் பார்க்கும் முன் பணம் யாருடையது என்ற பத்தியைப் படியுங்கள்.

யார் முடிவெடுப்பது

இவ்வளவும் படித்துவிட்டு "நமக்கேதுங்க சாய்ஸ், பார்வர்டர் பையர் போட்ட ஆள்தானே" என்று கேட்கலாம். சரிதான், திருப்பூரில் பெரும்பாலான ஆர்டர் எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றித் தருவதோடு நம் பொறுப்பு முடியும் ஒப்பந்தம். கப்பலைப் பையர் தேர்ந்தெடுப்பார். ஆனால் 'எஃப்ஓபி தூத்துக்குடி' என்று ஒரே ஊரை எழுதிக் கையெழுத்துப் போடுவது நாம். அந்த இடத்தில் 'தூத்துக்குடி அல்லது கொச்சி, விற்பவர் விருப்பம்' என்று எழுதிக் கேட்டால் பல பையர்கள் மறுப்பதில்லை. கேட்பதுதான் இல்லை.

எஃப்ஓபியில் பெட்டி கப்பலில் ஏறும்வரை ஆபத்து நம் தலையில். துறைமுக முற்றத்தில் ஐந்து நாள் கிடந்து வெள்ளத்தில் நனைந்தால் நம் நஷ்டம். பெட்டிச் சரக்குக்கு எஃப்சிஏ பொருத்தம். அதில் பார்வர்டரின் ஆளிடம் ஒப்படைத்ததோடு பொறுப்பு மாறும். பையர் எஃப்ஓபியை விடமாட்டார் என்றால் தொழிற்சாலை வாசலிலிருந்து கப்பல் வரைக்கும் தனிக் காப்பீடு எடுங்கள். 2021 மார்ச்சில் சூயஸில் மாட்டிய 'எவர் கிவன்' கப்பலுக்குப் பொதுச் சேதப் பங்கீடு (கப்பலைக் காப்பாற்றிய செலவைச் சரக்குக்காரர்களும் பகிர்ந்துகொள்வது) அறிவித்தார்கள். சேதமே ஆகாத பெட்டிக்காரர்களும் பங்குத் தொகைக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் சரக்கை எடுத்தார்கள். கப்பல் காப்பீடு நம் பொறுப்பில் உள்ள ஆர்டர் என்றால் அந்தப் பங்கீடு பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் வாசலைத் திறந்து வைப்பது

வாய்க்கால் தண்ணீர் வரும் தோட்டத்திலும் கிணற்றை மூடுவதில்லை. கொச்சியைத் திறந்து வைக்க ஆகும் வேலை ஓரிரு வாரம்தான். ஆனால் நெருக்கடி வந்த பிறகு செய்ய முடியாது.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஏடி கோட் (ஏற்றுமதிப் பணம் வரும் வங்கியின் குறியீட்டு எண்). அது ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகச் சுங்க இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தூத்துக்குடியில் பத்து வருஷமாக இருந்தாலும் கொச்சியில் இல்லையென்றால் ஷிப்பிங் பில்லே (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி ஆவணம்) ஏறாது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் பெட்டி வாளையாரில் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவரும். மறுநாள் வங்கிக்கு விடுமுறைச் சனி என்றால் திங்கள்கிழமைதான் திறக்கும். டிராபேக் (ஏற்றுமதிக்குச் சுங்கம் திருப்பித் தரும் தொகை) வந்து சேரும் கணக்கும் அங்கே இணைந்திருக்கிறதா என்று சேர்த்தே பாருங்கள். தொழிற்சாலையிலேயே சீல் போடும் அனுமதி இருந்தால், கொச்சியிலும் அது தெரிவிக்கப்பட்டிருக்கிறதா என்று புரோக்கரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தூத்துக்குடிக்குப் போட்ட ஷிப்பிங் பில்லைக் கொச்சிக்குத் திருப்ப முடியாது. ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். மின்னணு சீல் எண், பெட்டி எடைச் சான்று, பேக்கிங் லிஸ்ட் எல்லாம் மறுபடியும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் பெட்டி விவரம், தாய்க்கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே அந்த நாட்டுச் சுங்கத்துக்குப் போயாக வேண்டும். ஃபீடரில் ஏற்றும் முன்பே கப்பல் கம்பெனி அதைக் கேட்கும். ஆகவே துறைமுகத்தை மாற்றும் முடிவைப் பெட்டியில் சரக்கு ஏற்றும் முன் எடுக்க வேண்டும். சீல் போட்டபின் மாற்றினால் இரண்டு நாள் போய்விடும்.

வருஷத்துக்கு இரண்டு பெட்டியாவது, தேவையே இல்லாவிட்டாலும், கொச்சி வழி அனுப்புங்கள். சில ஆயிரம் கூட ஆகும். பதிலுக்குப் புரோக்கர் பழகுவார், கணக்கு உயிரோடு இருக்கும், டிரெய்லர்காரர் போன் எடுப்பார்.

நீண்ட வழியில் ஈரம்

ஆப்பிரிக்காவைச் சுற்றும் பெட்டி 45 முதல் 50 நாள் மூடியே கிடக்கிறது. வெப்பக் கடலில் பகலில் சூடேறி, தெற்கே குளிர்ந்து, மறுபடி நிலநடுக்கோடு தாண்டி, ஐரோப்பியக் குளிரில் போய் நிற்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் கூரைத் தகட்டில் திரண்டு சொட்டும். மேல்வரிசை அட்டைப்பெட்டி ஊறி, கோடு கோடாகக் கறை படிந்து, திறந்தால் பூஞ்சை வாடை. பழைய குறுகிய வழியில் தப்பித்த அதே பேக்கிங் இந்த நீண்ட வழியில் தப்பாது.

காரணம் பெரும்பாலும் கடலில்லை, நம் பேக்கிங் அறை. பருத்தியின் இயல்பான ஈரம் 8.5 சதவீதம். மழைக்காலத்தில் அயர்னிங் டேபிளிலிருந்து சூடாக எடுத்து அப்படியே பாலி பையில் போட்டால் 11, 12 இருக்கும். ஈரமானியை ஒவ்வொரு லாட்டிலும் ஊன்றிப் பாருங்கள். 9 தாண்டினால் பாலி பையில் போடாமல் மின்விசிறியில் நாலு மணி நேரம் ஆற விடுங்கள். புதிய அட்டைப்பெட்டியும் ஈரம் குடித்திருக்கும். மழையில் இறக்கிய அட்டையை இரண்டு நாளாவது உள்ளே வைத்த பிறகே பயன்படுத்துங்கள். பெட்டிக்குள் ஏற்றும் முன் கதவைச் சாத்தி உள்ளே நின்று பாருங்கள். வெளிச்சம் ஊசிமுனையளவு தெரிந்தாலும் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். மரத்தரை ஈரமாக இருந்தாலும் அப்படியே.

ஈரம் உறிஞ்சும் தொங்குபட்டைகளைப் பழைய வழிக்குப் போட்டதைவிட இரட்டிப்பாக, சுவர் வளையங்களில் மாட்டுங்கள். அட்டைப்பெட்டியின் மேல் வைத்தால் அது குடித்த தண்ணீரே கீழே வழியும். பூஞ்சை தடுக்கும் பொட்டலம் எதை வாங்கினாலும் டைமெத்தில் ஃப்யூமரேட் இல்லை என்ற எழுத்துச் சான்று கேளுங்கள். 2009 முதல் ஐரோப்பாவில் அது தடை. ஐந்து ரூபாய்ப் பொட்டலத்துக்காக மொத்தப் பெட்டியும் திரும்பி வரும்.

அவசரம் வந்தால்

முழுப் பெட்டியையும் விமானத்தில் ஏற்றும் முன் கடலும் வானும் கலந்த வழியைக் கேளுங்கள்: கொச்சியிலிருந்து துபாய்க்குக் கப்பல், அங்கிருந்து விமானம். முழுக் கடல் வழியின் நாட்களில் பாதிக்கும் குறைவு, முழு விமானக் கட்டணத்தைவிட மலிவு. வளைகுடாவில் பதற்றம் வந்தால் இதுவும் அடைபடும். ஆர்டரில் எந்தக் கலர், எந்த சைஸ் கடைக்கு முதலில் வேண்டும் என்று பையரிடம் கேட்டு, அந்த 100 அட்டைப்பெட்டியை மட்டும் இந்த வழியில் அனுப்பி, மீதி 600-ஐக் கப்பலில் விட்டால் 28 லட்சம் செலவு 4 லட்சத்துக்குள் அடங்கும். அதற்குப் பேக்கிங் லிஸ்ட்டில் அட்டைப்பெட்டி எண்கள் கலர், சைஸ் வாரியாகத் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கலந்து அடுக்கிய பெட்டியில் அந்த நூறைத் தேடி எடுக்கவே ஒரு ஷிப்ட் போய்விடும்.